கலியாண வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர்

மேர்டோ றெனி பலேர்மோவில் இருபத்தொன்பது வருடங்கள் வாழ்ந்தார். அவற்றுள் ஆறு வருடங்கள் எங்களுடைய கலியாண வீடுகளில் மேளகாரராக இருந்தார். அவருடைய வாத்தியம் நாதஸ்வரம் அல்ல, ஸ்கொட்லாந்தின் பாக்பைப். பதின்மூன்று தாலிகள் அவர் ஊத ஊதக் கட்டப்பட்டன. பதினான்காவது கலியாணத்துக்கு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பது இந்த நகரத்தில் இருக்கும் தமிழர் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அப்போது தெரியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக ஊரில். தகப்பன் தீவுகளுக்குப் போகும் படகில் இயந்திரம் பார்த்தவர். ஒன்பது வயதில் ஊர்ச் சிறுவர் பாண்டில் சேர்ந்து பாக்பைப் பழகினார். இருபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடங்களில் அதைப் படிப்பிக்கத் தொடங்கினார். நல்ல வாசிப்புக்காரர் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாத்தியத்தில் இரண்டு விஷயங்கள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. பைக்குள் ஒருமுறை காற்று ஏறிவிட்டால் சத்தம் இடையில் நிற்காது. பாட்டு முடியும்வரை ஒரு கணம்கூட மௌனம் இல்லை. மற்றது, அதிலுள்ள ஒன்பது சுரங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கலாமே தவிர வழுக்கிப் போக முடியாது.

இரண்டையும் மாற்றப் பார்த்தார். விரல் வைக்கும் குழலைத் தானே கடைந்து, துளைகளை அகலமாக்கினார். ஒரு துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து சுரத்தை வளைக்கப் பழகினார். நின்று வாசிப்பதை விட்டு உட்கார்ந்து, தொடையில் ஒரு தோல் துண்டைக் கட்டி, குழலின் நுனியை அதில் அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார்.

அந்தக் குழலோடு ஒரு பெரிய போட்டிக்குப் போனார். பழைய புலம்பல் இசையொன்றை நடுவில் மூன்று தரம் நிறுத்தி வாசித்தார். முதல் தரம் நிறுத்தியபோது பை வெடித்துவிட்டது என்று நினைத்து ஒரு நடுவர் எழுந்தே விட்டாராம். கடைசி இடம் கிடைத்தது. "கருவி நல்லது. வாசிப்பவருக்குத்தான் அதைப் பிடிக்கவில்லைப் போலிருக்கிறது" என்று தீர்ப்புத் தாளில் எழுதியிருந்தார்கள். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நான் அறிய நாலு தரம் சொல்லியிருக்கிறார்.

பிறகு தன் செலவில் ஒரு கசெற் வெளியிட்டார். அதில் பெரும்பாலானவை விற்காமல் ஒரு பெட்டியில் கிடந்து, அவரோடு சிசிலிக்கும் வந்தன. அவர் இங்கே வந்தது நாணல் தேடி. பாக்பைப்புக்கும் சீவாளி உண்டு. நாணலைச் சீவித்தான் செய்வார்கள். ஒரேத்தோ ஆற்றங்கரையில் வளரும் நாணல் மெல்லியது, தான் நினைக்கும் வளைவுகளுக்குப் பொருந்தும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்துக்கென்று வந்தவர் அகத்தா என்ற தையற்காரப் பெண்ணைக் கலியாணம் செய்து, பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் தங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தும் பழைய கதிரைகளைப் பழுது பார்த்தும் வாழ்ந்தார். அகத்தா இறந்தபின் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தின் பின்பக்கம், முன்பு குதிரை கட்டிய இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

என் அப்பா குணசேகரம் அந்த மாளிகையில்தான் வேலை செய்தார். படிக்கட்டுத் துடைப்பது, மேல்மாடியில் வந்து தங்கும் சுற்றுலாக்காரருக்கு அறைக் கதவின் திறப்புக் கொடுப்பது. காலையில் கீழே சத்தம் தொடங்கியதும் அவர்கள் அப்பாவிடம் முறையிடுவார்கள். "சிஞ்ஞோரா, பத்து மணிக்கு முடிஞ்சிடும்" என்று அப்பா சமாளிப்பார். பத்து மணிக்கு முடிந்த நாள் எனக்கு ஞாபகமில்லை. அப்படிச் சமாளித்துச் சமாளித்தே இருவரும் சிநேகிதர் ஆனார்கள். ஒருவருடைய இத்தாலியன் ஸ்கொட்லாந்தில் கிளம்பியது, மற்றவருடையது வன்னியில். கொஞ்சம் நுட்பமான விஷயம் என்றால் இடையில் நான் வேண்டும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கிழமை நாட்களில் இத்தாலியப் பள்ளிக்கூடமும் சனிக்கிழமையில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருந்தேன். மேர்டோ முன்பு படிப்பித்தவர் என்று அறிந்ததிலிருந்து அப்பா அவரை மாஸ்ரர் என்றே கூப்பிட்டார். பிறகு எல்லோருக்கும் அவர் மாஸ்ரர்தான்.

அவர் எங்கள் கலியாண வீடுகளுக்குள் வந்ததற்குக் காரணம் ஒரு வயிற்று மருந்து விளம்பரம். 2016 ஆவணியில் பிரான்காச்சோவில் ஒரு மண்டபத்தில் கலியாணம். இங்கே நாதஸ்வரக்காரர் இல்லை. போனில் நாதஸ்வரத்தைப் போட்டு ஸ்பீக்கரில் விடுவதுதான் வழக்கம். ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் நின்று, ஒரு பெண் குரல் இத்தாலியனில் கேட்டது: "சாப்பிட்டபின் உங்கள் வயிறு ஊதுகிறதா?" மாப்பிள்ளை கையை எடுப்பதா கட்டுவதா என்று தெரியாமல் ஐயரைப் பார்த்தார். ஐயர் கட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

சாப்பாட்டுப் பந்தியில் இதுதான் கதை.

"வயித்து மருந்துக்குக் கழுத்தை நீட்டின பிள்ளை எண்டெல்லோ சனம் சொல்லப்போகுது" என்றார் தங்கேஸ்வரி அன்ரி. பலேர்மோவில் எந்தத் தமிழ்க் கலியாணமும் அவர் தலையிடாமல் நடந்ததில்லை. "எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நிலக்சிக்குத் தாலி ஏறேக்கை இப்பிடி ஒரு விளம்பரம் வந்துதெண்டால் நான் அந்த இடத்திலையே விழுந்திடுவன்."

"எங்கடை மாளிகையிலை ஒரு வெள்ளைக்காரன் ஒண்டை வைச்சு ஊதுறார்" என்றார் அப்பா. "கிட்டத்தட்ட நாயனம் மாதிரித்தான் கிடக்கு. பை ஒண்டு மேலதிகம்."

"நாயனத்துக்குப் பையோ? அதுக்குள்ளை என்ன, வெத்திலையோ?"

"காத்து, காத்து."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்ரரிடம் போய், போனில் ஆனந்த பைரவியைப் போட்டுக் காட்டினார்.

மாஸ்ரர் மூன்று தரம் கேட்டார். நாலாம் தரம் போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். "இதில் எத்தனை துளை?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது, தேடிப் பார்த்துச் சொன்னேன். விரலுக்கு ஏழு துளைகள், மிச்சம் ஐந்தை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். அவர் எழுந்துபோய்த் தன் குழலைக் கொண்டுவந்து காட்டினார். அகலமாக்கிய துளைகளில் மூன்றின் ஓரம் மெழுகு பூசியிருந்தது.

"நான் இதைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவருக்கு அது ஏமாற்றம் அல்ல. முகம் மலர்ந்திருந்தது.

நாலு மாதம் பழகினார். பையிலிருந்து ஒரே சுரத்தில் ஒலிக்கும் மூன்று ஒத்துக்குழல்களில் இரண்டைத் தக்கையால் அடைத்து, ஒன்றை மட்டும் எங்கள் சுருதிக்கு இறக்கினார். அப்பா இசை படித்தவர் அல்ல. ஆனாலும் வேலை முடிந்ததும் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வார்.

"மாஸ்ரருக்குச் சொல்லு பிள்ளை, இது கலியாண வீடு மாதிரி இல்லை. நேப்பிள்ஸ் கப்பல் வெளிக்கிடுற மாதிரிக் கிடக்கு."

நான் அதை மெதுவாக்கி, "இன்னும் கொஞ்சம் மென்மையாக இருக்கலாம் என்கிறார்" என்று சொன்னேன். மாஸ்ரர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை, அவர் வேறு ஏதோ சொன்னார், சொன்னதைச் சொல்" என்றார். சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "கப்பல் என்பது சரி, அந்த இடத்தில் காற்றை அதிகமாக அழுத்துகிறேன்" என்று சொல்லித் திருத்திக்கொண்டார். அந்த மனிதரிடம் எதையும் நேராகச் சொல்லலாம் என்பதை நான் பதின்மூன்று வயதிலேயே கண்டிருந்தேன்.

2017 தையில் முதற் கலியாணம். தவில் வாசித்தது றோபேட் மாமா; மன்னார்க்காரர், மாதா கோயில் பாடகர் குழுவில் மேளம் அடிப்பவர், அந்தத் தவிலைப் பாரிசில் இருந்து எடுப்பித்திருந்தார். மாஸ்ரர் வேட்டி கட்டி, அது அவிழாமல் இருக்கத் தன் ஊர்ப் பாவாடையின் அகன்ற தோல் பட்டியை மேலே கட்டியிருந்தார். "மாஸ்ரர், பட்டியைக் கழட்டாதேங்கோ, பிறகு நாங்கள் வேறை கூத்துப் பாக்க வேண்டிவரும்" என்று றோபேட் மாமா தமிழிலேயே சொல்ல, அவர் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

தாலி ஏறும்போது அவர் ஊதிய ஊதலில் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தங்கேஸ்வரி அன்ரி அரிசியைத் தூவ மறந்து நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "இந்தச் சத்தத்துக்கு மேலை ஒரு தும்மல் கேக்குமோ, ஒரு அபசகுனம் நுழையுமோ? சிங்கம் மாதிரி மனுசன்." நான் அதை மாஸ்ரருக்கு மொழிபெயர்த்தேன். தும்மலை மறைப்பதற்காகவா என்று கேட்டார். நல்லது அல்லாத எந்தச் சத்தமும் அந்த நேரத்தில் கேட்கக்கூடாது என்பதற்காக என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நல்லது அல்லாத எந்த இடத்துக்கும் அந்த வாத்தியம் போகக்கூடாது என்ற மறுபாதியை எனக்கே ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கொரோனாக் காலம் போக மிச்ச வருடங்களில் பன்னிரண்டு கலியாணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது புதிதாகச் சேர்ப்பார். ஒருமுறை தாலி கட்டி முடிந்த கையோடு, கெட்டிமேளத்தின் உச்சியில் குழலைத் தொடையில் அழுத்தி, ஒரு மூச்சு நேரம் முழு மண்டபத்தையும் மௌனமாக்கி, பிறகு திரும்பத் தொடங்கினார். சனம் கைதட்டியது. "ஸ்கொட்லாந்தில் நான் நிறுத்தினால் நடுவர் எழுந்துவிடுவார். இங்கே கைதட்டுகிறார்கள்" என்று வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னார். அறுபது வயதுக்குப் பிறகு தான் செய்ததைக் கேட்பதற்கு ஆட்கள் கிடைத்திருந்தார்கள். அவருடைய அறையில், அகத்தாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கலண்டர் தொங்கும். கலியாண நாட்களைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருப்பார். 2023 மாசியில் நிலக்சியின் கலியாணம். அதற்காக மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஆரத்திவரை ஒரே ஓட்டமாக வாசிக்க முழு நீள இசையொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை அதுதான் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, கார்த்திகையில், அப்பா மாளிகைப் படிக்கட்டில் மாரடைப்பால் விழுந்தார். முதலில் கண்டவர் மாஸ்ரர்தான். அம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாராம். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறையின் முற்றத்தில்தான் கிரியைகள். அதற்கு முதல்நாள் மாஸ்ரர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, என்னிடம் கேட்டார். "குணாவுக்கு நான் வாசிக்கலாமா? எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்குச் செய்யும் கடைசி மரியாதை அது. இதைவிடப் பெரியது எங்களிடம் இல்லை."

அம்மாவிடம் எதையும் கேட்கும் நிலை இல்லை. வீடு நிறையச் சனம். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த றோபேட் மாமா கண்ணில் பட்டார். மாஸ்ரரோடு தவில் வாசிப்பவர். அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"மாமா, மாஸ்ரர் அப்பாவுக்கு வாசிக்கப் போறாராம். பரவாயில்லையோ?"

"நல்ல விஷயம்தானே பிள்ளை" என்றார் அவர் உடனே. "எங்கடை ஊரிலை திருநாளுக்கும் பாண்ட், செத்த வீட்டுக்கும் பாண்ட். வாசிக்கட்டும். குணா அண்ணைக்கு அவரிலை உயிர்."

றோபேட் மாமாவின் ஊரில் அது உண்மை. அவர் கத்தோலிக்கர். கேட்க வேண்டிய ஆளை விட்டு, கேட்கத் தோதாக நின்ற ஆளைக் கேட்டேன். மாஸ்ரரிடம் போய் ஓம் என்று சொன்னேன்.

அடுத்த நாள் அப்பாவின் பெட்டியைத் தூக்கியபோது மாஸ்ரர் முற்றத்து மூலையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து பையைக் கையிடுக்கில் வைத்தார். புலம்பல் இசை ஏதாவது வாசிப்பார் என்று நினைத்தேன். அவர் ஆனந்த பைரவியைத் தொடங்கினார். பதின்மூன்று தாலிகளுக்கு ஊதிய அதே கெட்டிமேளத்தை எடுத்து, ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, நடக்கும் வேகத்துக்கும் மெதுவாக ஆக்கியிருந்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக அத்தனை நேரம் எடுத்தார். மூன்று இடத்தில் நிறுத்தினார். அந்த மௌனங்களில் பெட்டி தூக்கியவர்களின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாசித்து நான் கேட்டவற்றில் அதைவிட நல்லது இல்லை.

பெண்கள் நின்ற பக்கம் பார்த்தேன். தங்கேஸ்வரி அன்ரி தன் தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளி, சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் அப்படியே செய்தார். பிறகு அடுத்தவர். மாஸ்ரர் ஊத ஊதத் தாலி ஏறிய இளம் பெண்கள் இரண்டு பேர் அந்த இடத்தை விட்டே வெளியே போனார்கள். ஏதோ பிழை நடந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முடிந்ததும் மாஸ்ரர் என்னிடம் வந்து, "அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் நன்றி சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் கழிந்தபின் தங்கேஸ்வரி அன்ரி வீட்டுக்கு வந்தார். அம்மா படுத்திருந்தார். அன்ரி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, நிலக்சியின்ரை கலியாணத்துக்கு மாஸ்ரர் வேண்டாம்."

"ஏன் அன்ரி?"

"உனக்குத் தெரியாதோ, இல்லாட்டித் தெரியாத மாதிரி நிக்கிறியோ? அது தாலிக்கு ஊதுற குழல். அதைக் கொண்டுபோய்ப் பிணத்துக்கு ஊதிப்போட்டார். அதுவும் அதே பாட்டை. என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறேக்கை எனக்கு உன்ரை அப்பாவின்ரை பெட்டியெல்லோ கண்ணுக்கை நிக்கும்."

"அவருக்கு இது தெரியாது அன்ரி."

"தெரியாதெண்டு எனக்குந் தெரியும். அவரிலை ஒரு பிழையும் இல்லை. தங்கமான மனுசன், எங்கடை குணசேகரத்துக்குக் கடைசிவரைக்கும் மடி குடுத்தவர். அவரின்ரை மனம் நோகக்கூடாது. அதாலைதான் உன்னட்டைச் சொல்லுறன். நீ படிச்ச பிள்ளை, பக்குவமாய் ஒரு சாட்டுச் சொல்லிவிடு."

கால்சாவுக்குப் போனேன். மாஸ்ரர் நிலக்சிக்கான இசையை முடித்திருந்தார். உட்காரச் சொல்லி, ஆரத்திப் பகுதியை வாசித்துக் காட்டினார். அது முடிந்தபின், மாப்பிள்ளை வீட்டார் ஜேர்மனியிலிருந்து நாதஸ்வரக்காரரைக் கொண்டுவருகிறார்கள் என்று சொன்னேன்.

அவர் பையை அழுத்தி மிச்சக் காற்றை வெளியே விட்டார். "நல்ல வாசிப்புக்காரர்களா?"

"தெரியாது."

"நான் ஒருமுறையும் நாதஸ்வரத்தை நேரில் கேட்டதில்லை. போனில்தான். பின்னால் ஒரு மூலையில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். சாப்பாடு வேண்டாம். கேட்டுப் பார்க்கிறாயா?"

மண்டபம் சிறியது, ஆட்களை எண்ணித்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். ஒரு பொய்க்கு இன்னொன்று தேவைப்பட்டது. உண்மையைச் சொன்னால், அப்பாவுக்கு அவர் கொடுத்த அந்தப் பெரிய மரியாதையே குற்றமாகிவிடும். ஓம் என்று அனுமதி கொடுத்தவள் நான் என்பதும் வெளியே வரும். இதில் எது என் வாயை அடைத்தது என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வருடம் திரும்பாத செத்த வீடு என்பதால் நாங்கள் அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. றோபேட் மாமா போனார். ஒரு கிழமைக்குப் பிறகு மாஸ்ரரை வுச்சீரியாச் சந்தையில் கண்டு, ஒன்றும் அறியாமல், போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். ஜேர்மனிக்காரர் ஒருவரும் இல்லை. மணவறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் நின்றது. விளம்பரம் வராமல் இருக்க இந்த முறை மாதச் சந்தா கட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் மாஸ்ரர் என்னை வரச் சொன்னார்.

"என்னைவிட ஸ்பீக்கர் நல்லது என்று நினைத்திருக்கிறார்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "சுருதி விலகியிருக்கிறது. எத்தனை நாளாக?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"உன் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கப்பல் மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். எனக்கு அறுபத்தேழு வயது. காது பிழைத்தால் வாசிப்பவனுக்குத்தான் கடைசியாகத் தெரியும். சுருதிதானே?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்தப் பதிலை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் குழலைத் திருத்தத் தொடங்கினார். துளைகளின் மெழுகைச் சுரண்டி எடுத்தார்; அரத்தால் ஓரங்களைத் தேய்த்தார். தேய்த்ததும் சுருதி உண்மையிலேயே விலகியது. அதைச் சரிசெய்ய இன்னொரு துளையைத் தேய்த்தார். சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். "இப்போது எப்படி?" என்று கேட்பார். கேட்கும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் "நன்றாக இருக்கிறது" என்பேன். அவர் நம்பமாட்டார். அந்த வருடம் இன்னும் இரண்டு கலியாணங்கள் நடந்தன, இரண்டிலும் ஸ்பீக்கர்தான். கலண்டரில் அவர் வட்டம் போடுவதை நிறுத்தியிருந்தார்.

ஆனியில் ஒருநாள் குழல் முழுவதும் தாழ்ந்துவிட்டது, நீளத்தைக் குறைத்தால்தான் மேலே வரும் என்று சொல்லி, அதை இடுக்கியில் வைத்து இறுக்கினார். சின்ன வாளை எடுத்து நுனியிலிருந்து ஒரு விரற்கடை அளந்து கோடு போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அறுக்காதேங்கோ என்று தமிழில் மனத்துக்குள் சொன்னேன். இத்தாலியனில் வாயால் சொல்லவில்லை. கரிய மரம், தூளும் கறுப்பாகவே விழுந்தது. பூட்டி ஊதிப் பார்த்தார். மேல் சுரங்கள் கத்தின, கீழ்ச் சுரங்கள் வரவேயில்லை. இரண்டாம் தரம் ஊதவில்லை. குழலைத் துணியில் சுற்றி வைத்தார்.

புரட்டாதியில், ஸ்கொட்லாந்தில் தனியாக இருந்த தன் தமக்கை மோராக்கிடம் போய்விட்டார். விமான நிலையத்துக்கு நானும் றோபேட் மாமாவும் போனோம். பாக்பைப் பெட்டியை அவர் கொண்டுபோகவில்லை. பழைய பொருட்கள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்னைக் கட்டிப்பிடித்து, "உன் ஆட்களிடம் என் நன்றியைச் சொல். அவர்கள் என்னை ஆறு வருடம் பொறுத்துக்கொண்டார்கள்" என்றார்.

சென்ற கார்த்திகையில் அப்பாவின் திவசத்துக்காகக் கோயிலுக்குப் போயிருந்தோம். முடிந்தபின் ஐயர் விபூதியைத் தந்துகொண்டே கேட்டார்.

"எங்கை பிள்ளை உங்கடை வெள்ளைக்கார மாஸ்ரர்? இப்ப கலியாணங்களிலை காணக் கிடைக்கேல்லை. சுகமில்லையோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கோ? ஐயோ பிள்ளை, தீட்டெண்டால் கழிக்க ஏலாதோ? மூலஸ்தானத்துக்கே தீட்டு வந்தாலும் புண்ணியாகவாசனம் செய்துபோட்டு அடுத்த பூசை செய்யிறம். அந்தக் குழலை ஒருக்கால் இஞ்சை கொண்டுவந்திருந்தால் மந்திரம் சொல்லித் தண்ணி தெளிச்சு அரை மணித்தியாலத்திலை விட்டிருப்பனே. இல்லாட்டிப் புதுக்குழல் ஒண்டு செய்யச் சொல்லியிருக்கலாம். நான் சரியெண்டு சொன்னால் தங்கேஸ்வரி மறுப்பாவோ? ஆரும் என்னட்டைக் கேக்கேல்லையே."

"நான் கேட்டிருக்க வேணும்" என்றேன்.

"அந்த மனுசனுக்காவது சொன்னனியோ?"

அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னார்: "போன் எடுத்துச் சொல்லு. திட்டினால் கேட்டுக்கொள்ளு."

அன்று பின்னேரமே எடுத்தேன். அவருக்கு இப்போது காது உண்மையாகவே மந்தமாகியிருந்தது. உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மங்கல வாத்தியம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் இத்தாலியனில் கத்திச் சொன்னேன். றோபேட் மாமாவைக் கேட்டது, ஜேர்மனி நாதஸ்வரக்காரர், சிறிய மண்டபம், எனக்குத் தெரியாது என்று சொன்னது. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன்.

"அப்போ சுருதி?" என்று கேட்டார்.

"சுருதி சரியாகத்தான் இருந்தது. நீங்கள் அரத்தால் தேய்க்கும்வரை."

"குணாவுக்கு வாசித்தபோதும்?"

"அன்றைக்குத்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்."

"எல்லோருக்கும்" என்றார் அவர். பிறகு, "நான் குழலை அறுத்தபோது நீ பக்கத்தில் நின்றாய்" என்றார்.

"ஓம்" என்றேன், தமிழில்.

"சொல்லியிருந்தால் ஒரு கிழமையில் இன்னொன்று கடைந்திருப்பேன். கலியாணத்துக்கு ஒன்று, செத்த வீட்டுக்கு ஒன்று. அது ஒரு வேலையே இல்லை."

"இப்போது?"

"இப்போது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையே மோராக்தான் பிடிக்கிறாள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பேசக் கஷ்டமாயிருக்கிறது, நத்தார்ப் பண்டிகைக்கு எடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

நத்தாருக்கு எடுத்தேன். மோராக் எடுத்தார். என் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, ரிசீவரைக் கையால் பொத்தினார். மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்டது, இரண்டு குரல்கள். திரும்ப வந்து, தம்பி கடற்கரைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறான், வர நேரமாகும் என்று மிகவும் அன்பாகச் சொன்னார். என் மனம் நோகக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார்.

பரவாயில்லை, சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன்.